கேட்கத் தெரிந்த காது, பேசக் கூசும் நாக்கு

பொதிகை என்றதும் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துவிடும். தென்றல் புறப்படும் மலை. அகத்தியர் அமர்ந்து தமிழுக்கு இலக்கணம் வகுத்தார் என்று புராணிகர்கள் கதை கட்டிய மலை. தாமிரபரணி பிறந்து, பாபநாசத்துப் பாறையில் விழுந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை என்று வழியெல்லாம் வயலுக்கு நீர் வார்த்துக்கொண்டு கடலுக்கு நடக்கும் ஆற்றின் தாய்மடி. மேடையேறும் பேச்சாளர் எவராயினும் பொதிகையை இழுக்காமல் இறங்குவதில்லை, கைதட்டலும் குறைவதில்லை.

கைதட்டி முடித்த பிறகாவது ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? அந்த மலையிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் யார்? அவர்கள் பேசும் மொழி எது?

அவர்கள் காணி மக்கள். பாபநாசத்தை ஒட்டி அகஸ்தியர் காணிக் குடியிருப்பு. மேலே போகப் போகச் சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு. காரையாறு அணைக்கும் அப்பால் காட்டுக்குள்ளே இஞ்சிக்குழி. மலைக்கு மறுபுறம் திருவனந்தபுரம் பக்கத்திலும், தெற்கே குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் இவர்களுடைய உற்றார் உறவினர் உண்டு. கேரளத்தில் இருப்போர் தொகை பெரிது. தமிழ்நாட்டில் இருப்போர் சில ஆயிரம் பேர். அதில் நெல்லை மலையில் இருப்போர் ஒரு சிறு பங்கு. மரவள்ளியும் மிளகும் வாழையும் பயிரிடுவார்கள், தேன் எடுப்பார்கள். ஊர்த் தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். நோய்க்கு மந்திரமும் மருந்தும் சொல்பவர் பிலாத்தி. பல் வெட்டிய இரும்புக் குழலைக் கம்பியால் உரசி ஒலியெழுப்புவதற்குக் கொக்கரை என்று பெயர். அதன் ஒலியோடு சாத்துப் பாட்டு நடக்கும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் காணிகளுக்கும் கொக்கரைக்கும் இடம் உண்டு. நம் மேடைப் பேச்சில்தான் இடம் இல்லை!

இவர்களுடைய மொழி தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய உறவு. தனியாக எழுத்து கிடையாது. "அப்படியானால் அது கொச்சைத் தமிழ்தானே, தனி மொழி என்று எதற்குத் தூக்கிப் பிடிக்கிறீர்?" என்று முன் வரிசைத் தோழர் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்குப் பிறகு வருவோம்.

செத்துப்போன மொழிக்கு ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. காணி மொழி உயிரோடு இருக்கிறது. அது எப்படி மெலிகிறது, எங்கே மெலிகிறது என்பதுதான் விஷயம். மலையை விட்டு இறங்கி வந்த குடும்பங்களில், பள்ளிக்கும் கூலி வேலைக்கும் கீழே போய் வருகிற வீடுகளில் நடப்பதைக் கவனித்தால் புரியும். பாட்டி காணி மொழியில் கேட்பாள். மகன் அதைப் புரிந்துகொள்வான்; ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வான். ஆனால் பதில் தமிழில் வரும். அவன் மகனுக்கோ பாட்டி சொன்னதில் பாதிதான் புரியும். மூன்று தலைமுறை, ஒரே திண்ணை. பேசுகிற வாய் ஒன்று, கேட்கிற காது ஒன்று, இரண்டும் இல்லாத பிள்ளை ஒன்று. இடையில் நிற்கிறானே அந்த மகன், அவனைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இது காணிகளுக்கு மட்டும் வந்த வினையன்று. நம் வீட்டுக் கதையும் இதுதான். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி பம்பாய்க்குப் போய்த் தாராவியில் குடியேறியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! ஊர்த் திருவிழாவுக்கு அங்கிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஆச்சி, "சாப்பிட்டியாலே?" என்று கேட்கிறாள். பிள்ளைக்குப் புரிகிறது, பதிலோ இந்தியில் வருகிறது, அல்லது வெறும் தலையாட்டலாக வருகிறது. 1860-இல் சென்னைத் துறைமுகத்தில் 'ட்ரூரோ' என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டவர்களின் வழிவந்தோரைப் பாருங்கள். பெயரில் தமிழ் இருக்கிறது, கோயிலில் தமிழ் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் ஆங்கிலம் இருக்கிறது. ஒரே தலைமுறையில் யாரும் தமிழை வீசி எறிந்துவிடவில்லை. கேட்கத் தெரிந்து பேசக் கூசிய ஒரு தலைமுறை நடுவிலே நின்றது; அதற்குப் பிறகு கேட்கவும் தெரியாத தலைமுறை வந்தது. அவ்வளவுதான் வித்தை.

"புரிகிறதென்றால் பேசவும் வருமே, வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறான்" என்பார்கள் சிலர். தவறு. ஒரு சொல்லைக் கேட்டு இன்னது என்று அறிவது ஒரு வேலை. வேண்டிய நேரத்தில் அந்தச் சொல்லைத் தேடி எடுத்து, அடுத்த சொல்லோடு கோத்து, நாவில் ஏற்றுவது முற்றிலும் வேறு வேலை. விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலைத் தோழர்களுக்கு இது விளங்கும். 1880-களில் ஆற்று நீர்வீழ்ச்சியை நம்பிக் காணிகளின் மலையடிவாரத்தில் எழுந்த ஆலை அது. ஆலை வாசலில் பல ஆண்டு காவல் நின்றவர், உள்ளே எந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு ஓட்டம் சரியில்லை என்று சொல்லிவிடுவார். அவரையே எந்திரத்தின் முன் நிறுத்தி இழை கோக்கச் சொன்னால்? விரல் தடுமாறும். அவருக்கு அறிவு குறைவு என்றா சொல்வோம்? கைப்பழக்கம் இல்லை என்போம். நாலு நாள் பழகினால் வந்துவிடும் என்போம். புதிதாக வருபவனைவிடச் சீக்கிரம் வரும் என்றும் சொல்வோம்.

ஆக, கேட்கத் தெரிந்தவனிடம் பாதி மொழி ஏற்கெனவே இருக்கிறது. சொற்களின் பொருள் இருக்கிறது, ஓசை இருக்கிறது, எது சரி, எது பிசகு என்ற உணர்வுகூட இருக்கிறது. ஒரு வெளியூர்க்காரர் ஐந்து ஆண்டு பாடுபட்டுப் பெற வேண்டியதை அவன் தொட்டிலிலேயே பெற்றுவிட்டான். பிறகு ஏன் நாக்கு எழவில்லை?

வெட்கம்!

அந்த வெட்கத்தை அவன் வயிற்றிலிருந்து கொண்டுவரவில்லை, நாம் கொடுத்தோம். அணை கட்டியபோது, மின்சார நிலையம் வந்தபோது, 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தபோது, ஒவ்வொரு முறையும் மலைக்கு ஓர் அதிகாரி ஏறினார். அவரோடு அலுவலக மொழியும் ஏறியது. சோதனைச் சாவடியில் தமிழ், ரேஷன் கடையில் தமிழ், ஆஸ்பத்திரியில் தமிழ். அது கூடாதென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தமிழோடு ஒரு சிரிப்பும் சேர்ந்தே போயிற்றே! டீக்கடையில் இரண்டு காணி வாலிபர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். "என்னடே காட்டுப் பாஷை?" என்கிறார். அவர் கெட்டவரல்ல, நாளெல்லாம் வேர்வை சிந்திய கூலிக்காரர்தான், ஒருவேளை நம் சங்கத்து உறுப்பினராகவும் இருப்பார். ஆனால் அந்த ஒரு சிரிப்பு ஒரு நாக்கை மடக்கிவிடும்.

சென்னைக்குப் போன நெல்லைக்காரர் "ஏலே" என்று வாய் திறந்ததும் சினிமாப் பேச்சுப் பேசிக் காட்டி நையாண்டி செய்தார்களே, அப்போது நமக்கு எப்படி இருந்தது? அதைப் போல் நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள்ளேயும் சிரிப்பு உண்டு. மகன் துணிந்து ஒரு வாக்கியம் சொல்வான். நடுவில் தமிழ்ச் சொல் ஒன்று கலந்துவிடும். கிழவர் சிரிப்பார், அத்தை திருத்துவாள், பிள்ளைகள் கைகொட்டும். பாசத்தோடு சிரித்த சிரிப்புத்தான். அவன் அதற்குப் பிறகு ஓர் ஆண்டு வாய் திறக்க மாட்டான்.

இதை வைத்துக்கொண்டு நம் சர்க்கார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 2024 பிப்ரவரி 19 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் படிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஒரு நல்ல அறிவிப்பு வந்தது. சௌராஷ்டிரம், படுகு மொழிகளையும், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளையும் ஒலி வடிவத்தில் பதிவு செய்து ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்று. வரவேற்க வேண்டியதுதான். காணி என்ற சொல்லே வரவு செலவுத் திட்டத்தில் ஏறியது பெரிது. ஏனென்றால் இந்திய சர்க்காரின் கணக்கெடுப்பு 1961-இல் 1,652 தாய்மொழிப் பெயர்களை வரிசைப்படுத்தியது. 1971-லிருந்து பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயரைத் தனியாக வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. தலை எண்ணிக்கை குறைந்தால் பெயரும் இல்லை!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒலிப்பதிவு என்பது நெல்லைக் குதிருக்குள் போட்டு வைப்பது. விதைப்பதற்கு வயல் வேண்டும், ஏர் வேண்டும், உழுகிற ஆள் வேண்டும். பாட்டியின் குரல் பெட்டியில் பத்திரமாக இருக்கும். பாட்டி கேட்ட கேள்விக்குப் பெட்டி பதில் சொல்லாது. பதில் சொல்ல வேண்டியவன் அந்த நடுத் தலைமுறைக்காரன். அவன் வாய் திறப்பதற்கு அந்த 2 கோடியில் எத்தனை ரூபாய் என்பதே நம் கேள்வி.

இப்படிப்பட்டவர்களை மறுபடியும் பேச வைக்க முடியுமா? முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் வடகோடியில், பனி உறையும் நார்வே நாட்டில் சாமி மக்கள் என்று பூர்வகுடிகள் இருக்கிறார்கள். கலைமான் மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள். அங்கே நூறு ஆண்டுக்கு மேல் சர்க்காரே முன்னின்று அவர்களை நார்வே மொழிக்கு மாற்றும் வேலையைச் செய்தது. பள்ளி விடுதிகளில் சாமி மொழிக்குத் தடை. 1997-இல் அந்நாட்டு மன்னரே அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவு? புரியும், பேச வராது என்ற ஒரு பெருங்கூட்டம். இவர்களுக்கு இலக்கணப் புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. தெரிந்த ஒன்றைத் திரும்பவும் கற்றுக்கொடுத்து என்ன ஆகும்? ஜேன் யூசோ என்ற பெண்மணி வேறு வழி கண்டார். நோய் மொழி அறியாமை அல்ல, அச்சம். எனவே அச்சத்துக்கு மருந்து கொடுப்போம் என்றார். உயரத்தைக் கண்டு அஞ்சுபவனை மனநல மருத்துவர்கள் முதல் படியில் நிறுத்தி, பிறகு இரண்டாம் படி, பிறகு மூன்றாம் படி என்று ஏற்றிப் பழக்குவார்களே, அதே முறை. எங்கே பேசப் பயம், யாரிடம் பேசப் பயம் என்று ஒவ்வொருவரும் வரிசை போட்டுக்கொள்ள வேண்டியது. பயம் குறைந்த இடத்தில் தொடங்கி, அது பழகியதும் அடுத்த இடத்துக்குப் போக வேண்டியது. 2009-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். தன் மொழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள்படும் தலைப்பு.

'திரும்ப எடுத்துக்கொள்கிறேன்'! அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். யாரோ தருமம் செய்வதில்லை. பறிபோன உடைமையை உடையவன் மீட்கிறான்.

உலகின் மறுகோடியில் நியூசிலாந்து. அங்கே மவோரி மக்கள். பச்சைக் குழந்தைகளுக்காக 1982-இல் அவர்கள் தொடங்கிய மொழிக்கூடங்கள் உலகறிந்தவை. ஆனால் அதற்கும் முன்பே, 1970-களின் இறுதியில், கட்டெரினா மத்தைரா, ஙோய் பெவைராங்கி என்ற இரண்டு பெண்கள் பெரியவர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார்கள்: தே அத்தாராங்கி. கரும்பலகை கிடையாது, நோட்டுப் புத்தகம் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து, நடுவில் வண்ண வண்ணக் குச்சிகளைப் போட்டுக்கொண்டு, சிவப்புக் குச்சியை எடு, அதை நீலத்தின் மேல் வை என்று தொடங்கிப் பேசுவார்கள். அந்த வட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. ஆங்கிலம் கூடாது என்பது ஒன்று. அதைவிட அருமையான விதி இன்னொன்று: ஒருவர் சொல்லுக்காகத் தடுமாறும்போது அடுத்தவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவர் முறை முடியும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நுட்பம்! நாம் என்ன செய்கிறோம்? திக்குகிறவனுக்கு உதவுவதாக நினைத்து அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொள்கிறோம். நம் கிளைக் கூட்டங்களிலும் இந்த விதி இருந்தால் புதிய உறுப்பினர் சிலராவது பேசுவார்கள், கிடக்கட்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பழங்குடிகள் 1992-இல் தொடங்கியது இன்னொரு வகை. மொழி பேசும் முதியவர் ஒருவர், பேச விரும்பும் இளையவர் ஒருவர். ஆசான், சீடர் என்று ஜோடி. வகுப்பில்லை. சேர்ந்து சமைப்பது, துணி துவைப்பது, காட்டுக்குப் போவது. வாரத்தில் பத்து மணி நேரம், இருபது மணி நேரம். அத்தனை நேரமும் ஆங்கிலம் இல்லை. தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அடுத்தது: இருவருக்கும் உதவித்தொகை உண்டு. மொழி பேசுவதும் உழைப்பு என்பதை ஏற்றுக்கொண்டார்கள்! கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவனிடம் "வா, உட்கார்ந்து தாய்மொழி பேசு" என்றால் எப்படி வருவான்? அந்த நாள் கூலியை யார் கொடுப்பது?

நார்வேயின் படி வரிசை, மவோரிகளின் விதி, கலிபோர்னியாவின் கூலி. மூன்றையும் பொதிகைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பெரிய கட்டடம் வேண்டாம், வாத்தியார் வேண்டாம், எழுத்துக்கூட வேண்டாம். எழுத்து வேண்டும் என்கிற நாளில் தமிழ் எழுத்து இருக்கவே இருக்கிறது.

மாலை நேரம். மரவள்ளிக் கிழங்கு அடுப்பில் வேகிறது. பேசத் தெரிந்த பாட்டி ஒருத்தி, பேசக் கூசும் வாலிபர் மூன்று பேர். ஒரு மணி நேரம் என்று பேசிக்கொள்கிறார்கள். கிழங்கு வெந்து இறக்கும்வரை என்று வைத்துக்கொண்டாலும் சரி. அந்நேரத்தில் பாட்டி தமிழுக்கு மாறக் கூடாது. இதுதான் கடினமான நிபந்தனை, ஏனென்றால் பேரனிடம் தமிழில் பேசிப் பேசி அவள் நாக்கும் பழகிவிட்டது. வாலிபர்கள் முதலில் முழு வாக்கியம் பேச வேண்டியதில்லை. ஆம், இல்லை, வேண்டும், வேண்டாம், இங்கே, அங்கே. இவையே முதல் வாரத்துக்குப் போதும். அடுத்து உறவு முறைகள். அடுத்து கையிலே இருக்கிற வேலையின் சொற்கள்: வெட்டு, தோண்டு, கட்டு, இறக்கு. சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பேசிவிட வேண்டும், நிற்கக் கூடாது. பஸ்ஸுக்கும் ஆதாருக்கும் மொபைலுக்கும் காணிச் சொல் தேடித் தவம் கிடக்க வேண்டாம். நாம் மட்டும் தேடினோமா? பாட்டி சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் திருத்தக் கூடாது. பேரன் பிசகாகச் சொன்னதைத் தன் வாயால் சரியாக ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போனால் போதும், காது பிடித்துக்கொள்ளும். காதுதான் ஏற்கெனவே படித்த காதாயிற்றே!

ஒரு யோசனை. பேசக் கூசும் மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே எல்லாவற்றிலும் எளிதான முதல் படியாக இருக்கும். அங்கே சிரிக்க ஆளில்லை. மூவர் நிலையும் ஒன்று. பிறகு வீட்டுப் பெரியவர்கள். பிறகு அடுத்த குடியிருப்பு. டீக்கடைப் பெஞ்சு கடைசிப் படி.

சாத்துப் பாட்டுக்கும் இதில் இடம் உண்டு. பாட்டிலே சொற்கள் வரிசையாகக் கோத்தபடி வருவதால் பேசத் திக்குகிற நாக்குகூட அதைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பாட்டோடு நின்றுவிடக் கூடாது. விழா மேடையில் கொக்கரை உரசிக் காட்டிவிட்டு, இறங்கியதும் தமிழில் பேசிக்கொண்டு போவது கண்காட்சி. நம் அரசு விழாக்களுக்குக் கண்காட்சி மிகவும் பிடிக்கும்.

"இதெல்லாம் சரி, மொழி சோறு போடுமா?" இது அடுத்த கேள்வி, ஏழையின் வயிற்றிலிருந்து வருவதால் மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தமிழை விடச் சொல்லவில்லை. பம்பாய்க்குப் போன நெல்லைத் தொழிலாளி தமிழ், இந்தி, மராத்தி என்று மூன்று மொழி பேசிப் பிழைக்கவில்லையா? நாக்குக்கு இடப்பஞ்சம் கிடையாது. சோற்றுக் கணக்கே பார்ப்போம் என்றாலும் ஒரு செய்தி உண்டு. 1987 டிசம்பரில் இதே அகத்திய மலையின் கேரளப் பக்கத்தில் புஷ்பாங்கதன் என்ற தாவரவியல் அறிஞரும் குழுவினரும் காணிகளை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு ஏறினார்கள். படித்தவர்கள் களைத்து விழுந்தார்கள். வழிகாட்டிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சுறுசுறுப்பாக நடந்தார்கள். அது என்ன என்று நச்சரித்துக் கேட்டுத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியே தெரிந்தது. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்து, 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்து, வந்த உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கினார்கள். ஆராய்ச்சிக்கூடம் எதிலும் முதலில் அந்தச் செடி அகப்படவில்லை. காணி வாயில் ஒரு பெயராகவும், யார் எப்போது தின்னலாம் என்ற பேச்சாகவும் இருந்தது. அந்தப் பேச்சு பேரனுக்கு வராவிட்டால் செடி காட்டில் இருக்கும். அதைக் காட்டுகிற விரல் இருக்காது.

இனி முன் வரிசைத் தோழரின் கேள்விக்கு வருவோம். கொச்சைத் தமிழ்தானே என்றார். நெல்லை மாவட்டத்து இடையன்குடியில் இருந்துகொண்டு கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார். நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் நூல். அதில் தமிழ், தெலுங்கு முதலியவற்றைத் திருந்திய மொழிகள் என்றும், தோடர், கோத்தர், கோண்டு மக்களின் மொழிகளைத் திருந்தாதவை என்றும் பிரித்தார். பிரித்தாலும், அவற்றையும் குடும்பத்தில் சேர்த்துத்தான் எழுதினார். திருந்தாத மொழி என்பதால் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடவில்லை. நம் அண்ணன் தம்பி மொழிகளைத் தாழ்த்தி, அவை சம்ஸ்கிருதத்தின் சிதைவு என்று பண்டிதர்கள் சொன்ன காலத்தில் நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! 1938-லும் 1965-லும் நம்மவர்கள் சிறைக்குப் போனது எதற்காக? பெரிய மொழி ஒன்று சிறிய மொழியின் வாயை அடைக்கக் கூடாது என்பதற்காக. நாட்டிலே நாம் சிறிய மொழி. மலையிலே நாம்தான் பெரிய மொழி. அங்கே அடைக்கிற கை நம்முடையதாக இருந்தால் டில்லியைப் பார்த்துப் பேச நமக்கு என்ன வாய் இருக்கிறது? பேசுகிறவன் தன் மொழி என்று சொன்னால் அது அவன் மொழி. எந்தப் பேராசிரியரின் முத்திரைக்காகவும் அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

அரசியல் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. தனி மொழியுடைய எந்தப் பிரிவினருக்கும் அதைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது 29-ஆவது பிரிவு. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி வேண்டும் என்று 1956-இல் சேர்த்தார்கள், 350-ஏ பிரிவு. எழுதி வைத்த சட்டத்துக்குக் குறைவில்லாத நாடு இது.

எழுதிய சட்டங்களில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் நிலமே அடங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, காட்டில் யாருக்கு என்ன உரிமை என்ற கோரிக்கையை முதலில் விசாரித்துத் தீர்மானம் செய்வது கிராம சபை. பட்டா காகிதம் இல்லாத மக்கள் எதைச் சாட்சியாகக் காட்டுவார்கள்? சட்டத்தை ஒட்டி 2008-இல் வந்த விதிகள் அதற்கும் வழி வைத்திருக்கின்றன: கோரிக்கையாளர் அல்லாத ஊர் முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால் அதுவும் ஒரு சாட்சியம். அதாவது, எங்கே முன்னோர் குடியிருந்தார்கள், எந்த ஓடை வரைக்கும் பயிர் வைத்தார்கள், எந்தப் பாறையில் தேன் எடுத்தார்கள் என்று ஒரு கிழவர் வாயால் சொல்வது ஆவணமாகும்!

அந்தக் கிழவர் எந்த மொழியில் சொன்னால் முழுதும் சொல்வார்? தமிழில் கேட்டால் அதிகாரிக்குச் சொல்வது போல் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். தன் மொழியில் கேட்டால் ஓடைக்கு ஒரு பெயர், சரிவுக்கு ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை என்று விரியும். அதைக் கேட்டுப் புரிந்து தமிழில் எழுதிக்கொள்ள நடுத் தலைமுறைக்காரனால் இன்றைக்கே முடியும். ஆனால் கிழவர் பாதியில் நிறுத்தும்போது, "அதற்கு அப்பால் யார் இருந்தார்கள்?" என்று அவர் மொழியிலேயே அடுத்த கேள்வி போட வேண்டுமே! அங்கேதான் நாக்கு வேண்டும்.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டு. ஆவணப்படுத்த ஒதுக்கிய பணத்தில், பதிவு செய்ய வரும் நிபுணரின் படியோடு, பேசிக் கொடுக்கும் முதியவருக்கும் உடன் உட்காரும் இளையவருக்கும் நாள் கூலி. கௌரவிப்பு, பொன்னாடை என்று சொல்லி ஏமாற்றாமல் கூலியென்றே எழுதி. இரண்டாவது, பதிவான ஒலி முழுவதும் சென்னை அலமாரியோடு நிற்காமல் ஒரு பிரதி அந்தந்தக் குடியிருப்பிலேயே, அவர்கள் கையில், அவர்கள் கேட்கும் கருவியில். எதை வெளியாருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிப்பதும் அவர்களே. மருந்துச் செடியின் கதை தெரிந்த நாம் இதை வற்புறுத்தாமல் இருக்க முடியாது.

கழனியிலும் ஆலையிலும் பீடிக் கடையிலும் இருக்கிற நம் தோழர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது. காணி மொழியைக் காப்பாற்றுகிறோம் என்று கொடி பிடித்து மலையேற வேண்டாம். கூட்டம் போட வேண்டாம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் காரையாற்றில் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்குகிறோமே, அப்போதும் மற்ற நாட்களில் பாபநாசத்துக் கடைத்தெருவிலும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் டீயைக் குடித்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால், "உனக்கென்னடே, அவுக பேசுதாக" என்று ஒரு வார்த்தை. குடியிருப்பில் கிராம சபை கூடும் நாளில் துணைக்குப் போகும் தோழர், மைக்கைப் பிடுங்காமல் பின்னால் உட்காரட்டும். குறிப்புத் தமிழில் இருக்கட்டும், மனு தமிழில் இருக்கட்டும். கிழவரிடம் முதல் கேள்வியைக் கேட்க அந்த நடுத் தலைமுறை வாலிபன் எழுந்து நிற்பான். சொல் வர நேரமாகும். எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும்.